பால்சா விமானமும் அருணகிரியின் வலக்கையும்

தளராமை என்னும் குணம் ஆரவாரம் அறியாதது. வீரத்திற்கு முரசு உண்டு. கொடைக்குப் புகழ் உண்டு. தளராமைக்குச் சாட்சி நிற்பது பெரும்பாலும் அதனை உடையவரின் வீட்டுச் சுவர் மட்டுமே. நேற்று முறிந்ததை இன்று ஒட்டுவதும், இன்று ஒட்டியது நாளை முறியுமாயின் நாளையும் ஒட்டுவதுமே அதன் தொழில். இறைவன் அதனை இன்னாருக்குத்தான் தருவான் என்று வகுத்துச் சொல்ல எவராலும் இயலாது. கருங்குழியில் வாழும் அருணகிரிக்கு அவன் அதைக் குறைவின்றி அளந்திருக்கிறான்.

அருணகிரி பள்ளி வேன் ஓட்டுநர். வயது ஐம்பது. பெண்மக்கள் இருவரையும் மணமுடித்துக் கொடுத்துவிட்டு, மனைவி எல்லம்மாளோடு இருக்கிறார். பதினான்கு ஆண்டுகள் ஒரே வேனை ஓட்டினார். மதுராந்தகத்துப் பள்ளிக்குப் பதினெட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், மாலையில் பதினெட்டுப் பேரையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்ட பிறகே தமக்குப் பசியெடுக்கும் என்பார்.

சென்ற வைகாசியில், உறவினர் ஒருவரின் புதுமனைக்குக் கண்ணாடிப் பலகை இறக்கினார்கள். அது நடுவே பிளந்து அருணகிரியின் வலது மணிக்கட்டை அறுத்தது. கட்டைவிரலை இயக்கும் தசைநாண்கள் துண்டாயின. செங்கல்பட்டில் அறுவை மருத்துவம் நடந்தது. அதன்பின் ஐந்து மாதங்கள் ரப்பர்ப் பந்தை அமுக்கியும், வாளி அரிசிக்குள் விரல்களைப் புதைத்து எடுத்தும் பயின்றார். ஐப்பசி முடிவில் மருத்துவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் வேனில் ஏறி அமர்ந்து சாவியைத் திருகினார். ஸ்டியரிங்கைப் பற்றிய கட்டைவிரல் நடுங்கிற்று. பின்னால் இருக்கைகள் யாவும் காலியாகவே இருந்தன. ஆயினும் அவர் கண்ணுக்கு அவை காலியாகத் தெரியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

வேனின் உரிமையாளர் பார்த்திபன் வாசலில் நின்றிருந்தார். "டாக்டரே ஓட்டலாம்னுட்டாரு. அப்றம் இன்னா அண்ணாத்த?"

"டாக்டரா புள்ளைங்கள ஏத்திக்கினு போவப் போறாரு? நான் தான போவணும்."

பார்த்திபன் பொறுமைசாலி. ஆனால் அவரும் நாள்தோறும் வண்டியை ஓட வைக்க வேண்டியவர். "சரி. பொங்க லீவு வரிக்கும் இப்ப ஒனக்குப் பதிலா ஓட்டுற பாலாவே ஓட்டட்டும். லீவு முடிஞ்ச திங்கக்கெழம காத்தால நீ வந்து சாவிய வாங்கலன்னா, வண்டிய அவனுக்கே வுட்டுடுவேன். அவனும் புள்ளகுட்டிக்காரன், எத்தினி நாளு தொங்கல்ல நிப்பான்?"

அருணகிரி தலையசைத்தார். நியாயத்தை நியாயம் என்று ஏற்றுக்கொள்வதற்கு அவர் ஒருபோதும் தயங்கியதில்லை.

எல்லம்மாளின் அண்ணன் ஜெயக்குமார் பொத்தேரியில் பழைய பொருள் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். படிப்பு முடிந்து விடுதியைக் காலி செய்யும் மாணவர்கள் விட்டுச்செல்லும் மின்விசிறியும் மெத்தையும் சைக்கிளும் அவர் கடைக்கு வந்து சேரும். கார்த்திகையில் ஒரு நாள், பிரிக்கப்படாத நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு கருங்குழிக்கு வந்தார்.

"இன்னா மச்சான் இது, பொணப்பொட்டி மாரி?" என்றார் அருணகிரி.

"ஏரோப்ளேன். ஆஸ்டல் பசங்க போட்டுட்டுப் போனது. மோட்டாரு, ரிமோட்டு எல்லாம் உள்ளயே கீது. நாமதான் ஒட்டிக்கணும். சும்மா சொவத்தப் பாத்துகினு கீறியே, அதுக்கு இத்தப் பாரு."

எல்லம்மாள் அடுக்களையிலிருந்து தலையை நீட்டினார். "வேன் ஓட்டவே நடுங்கிகினு கீற ஆளுக்கு ஏரோப்ளேன் கொண்டாந்து குடுக்கிற. நீயெல்லாம் ஒரு அண்ணன்!"

ஜெயக்குமார் சிரித்தார். அருணகிரி சிரிக்கவில்லை. பெட்டியினுள் மடித்து வைத்திருந்த வரைபடத்தைத் தரையில் விரித்து, மண்டியிட்டு நெடுநேரம் நோக்கினார். பிறகு கேட்டார்: "மச்சான், இதுல யாரும் ஒக்கார மாட்டாங்க இல்ல?"

"கொசுகூட ஒக்காராது."

அந்த மறுமொழிதான் அவருக்கு வேண்டியிருந்தது. ரிமோட்டின் வலப்பக்கக் குச்சிதான் விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்குவது. அதனை அசைப்பது வலக்கைக் கட்டைவிரல். கை பிழைத்தால் மரம் உடையும். பிள்ளை எவருக்கும் ஒன்றும் நேராது. இந்த விமானத்தை இந்தக் கையே கட்டி, இந்தக் கையே ஏற்றி, முறியாமல் இறக்குமாயின் வேன் சாவியை வாங்குவது. இல்லையேல் திங்கட்கிழமை பார்த்திபன் வீட்டுப் பக்கம் போவதே இல்லை. இவ்வாறு அவர் தமக்குள் உறுதி செய்துகொண்டு, மனைவிக்கு மட்டும் அதைச் சொன்னார்.

பால்சா என்பது தக்கையினும் சற்றே வலிய மரம். அதனைத் தாள்போல் அறுத்து, இறக்கையின் விலா எலும்புகளாக இருபத்திரண்டு துண்டுகள் பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்து, சொட்டுப் பசை இட்டு, இருபது எண்ணும்வரை அசையாதிருக்க வேண்டும். அருணகிரியின் இடக்கை தானாகவே உதவிக்கு எழுந்தது. அதனை அவர் அனுமதிக்கவில்லை. இடக்கையை முழங்காலின் கீழே வைத்து, அதன்மேல் அமர்ந்துகொண்டார். முதல் நாள் மூன்று விலாக்கள் நொறுங்கின. நான்காவதில் விரல் ஒட்டிக்கொண்டு, தோலோடுதான் வந்தது. நொறுங்கியவற்றுக்கு மாற்றாக, பெட்டியில் மிஞ்சிய பலகையில் உருவம் வரைந்து, தாமே அறுத்துத் தேய்த்தார். பன்னிரண்டாம் நாள் இறக்கை இறக்கையாயிற்று.

அதன்மேல் போர்த்தும் சிவப்புத் தாள் சூடுபட்டால்தான் இறுகும். வீட்டில் சூட்டுக்கு இருந்தது இஸ்திரிப் பெட்டி ஒன்றே.

"அய்யோ, எம் பொடவைக்கி வெக்கிற பொட்டி! பிளாஸ்டிக் நாத்தம் அடிக்கிது பாரு!"

"ஏரோப்ளேனுக்கும் பொடவ தான்மே கட்டிவுடுறேன்."

"கட்டுவ, கட்டுவ. பத்து மொழமா?" என்று முறைத்தவர், சுருக்கம் விழுந்த ஓரத்தைக் கண்டதும் பொறுக்கமாட்டாமல் பெட்டியைப் பிடுங்கி, தாமே ஒருமுறை இழுத்துத் தேய்த்துக் கொடுத்தார்.

கட்டுவதோடு வேலை முடிவதில்லை. பொருத்தியவற்றை இணக்குவதே பாதி வேலை. குச்சியை இழுத்தால் வால்மடிப்பு மேலே எழ வேண்டும். அது கீழே தாழ்ந்தது. கம்பியை மாற்றிப் பூட்டினார். இறக்கையின் மடிப்பு ஒருபுறம் நெல்லளவு தூக்கி நின்றது; திருகைத் தளர்த்தி, அளந்து, மீண்டும் இறுக்கினார். யாவற்றினும் தலையாயது எடைச்சமன். வரைபடத்தில் இறக்கையின் கீழே, நான்கு கூறாகப் பகுத்து எதிரெதிர்க் கூறுகளில் கருமை தீட்டிய சிறுவட்டம் ஒன்று உண்டு. அவ்விடத்தில் இரு விரல்நுனிகளால் விமானத்தைத் தாங்கினால், மூக்கும் வாலும் தராசுத் தட்டுகள் போல ஒத்து நிற்க வேண்டும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி, அது முதன்முதலில் பறக்கவிருந்த ஞாயிறுக்கு முந்தைய வியாழக்கிழமை மாலையில் அந்தச் சமனை அடைந்தார். ஒத்து நின்ற விமானத்தை விரல்களில் ஏந்தியபடி கூடத்தை ஒருமுறை சுற்றி வந்தார் என்று எல்லம்மாள் சொல்கிறார். அருணகிரி அதனை மறுக்கிறார்.

பறக்கப் பழகுவதற்கு ஆசான் ஒருவரையும் ஜெயக்குமாரே காட்டினார். பெயர் ஜோயல். மாமல்லபுரத்தருகே மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்ப்பவர். அதற்கான உதிரிப்பாகங்களைத் தேடி ஜெயக்குமார் கடைக்கு வந்து போகிறவர். திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், மனை பிரித்து எல்லைக்கல் நட்டு, ஆண்டுகள் பல கழிந்தும் வீடு எழாத வெளி ஒன்று உண்டு. ஞாயிறு காலைகளில் ஜோயல் அங்கேதான் விமானம் விடுவார். அருணகிரி அவ்வளவு தொலைவு போனதற்குக் காரணமும் இருந்தது. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகள் நிறைந்திருக்கும் மாதம் அது. அவற்றுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்களுக்குப் பக்கத்தில் மோட்டார் இரைய எதையும் ஏற்ற அவருக்கு மனம் ஒப்பவில்லை.

மார்கழியின் மூன்று ஞாயிறுகள் ஜோயலின் தெர்மாகோல் விமானத்தில் பழகினார். அப்போது இருவர் கையிலும் ரிமோட் இருக்கும்; இவர் தடுமாறினால் ஜோயல் ஒரு விசையைத் தட்டி, விமானத்தைத் தம் வசம் வாங்கிக்கொள்வார். மூன்றாம் ஞாயிறன்று ஒருமுறையும் அவர் வாங்க வேண்டியிருக்கவில்லை.

"ஒங்க கையி சூப்பரா கீது அண்ணாத்த. இன்னாத்துக்கு இன்னும் பயம்?"

"நீ பக்கத்துல கீற தைரியம். வேன்ல பக்கத்துல யாரு கீறாங்க?"

போகிக்கு முந்தைய ஞாயிறு, தம் சிவப்பு விமானத்தோடு போனார். ரிமோட் ஒன்றே, அதுவும் அவர் கையில். ஜோயல் விமானத்தைத் தலைக்குமேல் ஏந்தி, நாலடி ஓடி எறிந்தார். அது எழுந்தது. எழுந்த மூக்கு நிற்கவில்லை. மேலே, மேலே என்று அண்ணாந்தது. அருணகிரி குச்சியை முன்னே தள்ளினார். தலைகீழாகக் கவிழப் பார்த்தது. இழுத்தார், மறுபடியும் அண்ணாந்தது. வலையில் அகப்பட்ட மீன் போல மூன்று முறை துள்ளி, வானத்தில் ஒரு கணம் அசைவற்று நின்று, எல்லைக்கல் ஒன்றின் அருகே குப்புற விழுந்தது. மோட்டார் பூட்டிய முகப்பலகை இரண்டாயிற்று.

அருணகிரி ரிமோட்டைத் தரையில் வைத்தார். வலக்கையை இடக்கையால் பிடித்துக்கொண்டார். "கையி தான். இயுத்துடுச்சு."

ஜோயல் சிதைவுகளைப் பொறுக்கி, இறக்கையின் கீழே விரல்களைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். வால் பொத்தென்று தாழ்ந்தது. "கையி இல்ல, அண்ணாத்த. வால்ல வெயிட்டு கீது. இப்டி இருந்தா நான் வுட்டாலும் வுயும்."

"சும்மா சொல்லாத. வியாயக்கெழம வெச்சுப் பாத்தேன். தராசு மாரி நின்னுச்சு."

"மோட்டாரு, பேட்டரி எல்லாம் அதே எடத்துல தான கீது? அப்ப நடுவுல எவனோ ஏறி ஒக்காந்துக்கினான்!"

இறக்கையைக் கழற்றி, கைபேசியின் விளக்கை உடலுக்குள் செலுத்தினார்கள். குடைவான வயிற்றின் கடைக்கோடியில், வாலுக்கு நான்கு விரற்கடை முன்னே, மஞ்சளாக ஏதோ செருகி நின்றது. ஜோயல் கம்பியை வளைத்து இழுத்தார். மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை: பத்து ரூபாய் நாணயம் ஒன்று, ஒரு ரூபாய் நாணயம் ஒன்று.

ஜோயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அருணகிரி அந்த முடிச்சை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி நின்றார். நாணயத்தின் எடை வீட்டில் ஒரு பொருளன்று; சமன் புள்ளியிலிருந்து இரண்டடி தள்ளி வாலில் நிற்கையில் விமானத்தையே கவிழ்க்கும்.

வீடு திரும்பியதும் எல்லம்மாள் முகப்பலகையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கணவர் நீட்டிய கையைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம வேண்டிக்கினு முடிஞ்சேன். ஒங் கையி நல்லா ஆவணும்னு. சாமி மாடத்துல வெக்கலாம்னு போனேன். கையி அதுக்குள்ள தான கீதுன்னு தோணிச்சு. றெக்கய எடுத்து வெச்சிருந்தியா, நடுவுல போட்டேன். வாலுக்கு எப்டிப் போச்சு?"

"உருண்டு போயிருக்கும்."

"நான்தான் வுய வெச்சேனா?"

"வுய வெச்சது நீ தான்," என்றார் அருணகிரி. "ஆனா கையி இல்ல. அது தெரிஞ்சிச்சு பாரு."

"அப்ப கையி நல்லா கீதா?"

பிழை செய்யாத கை என்பது வேறு. சரியாகச் செய்து காட்டிய கை என்பது வேறு. விமானம் இன்னும் ஒருமுறையும் இறங்கவில்லை. திங்கட்கிழமைக்கு எட்டு நாட்கள் இருந்தன.

வேண்டிக்கொண்டு முடிந்ததை, வேண்டுதல் நிறைவேறும் முன் அவிழ்க்கலாகாது என்பது அக்குடும்பத்தின் வழக்கம். அதனை வேறிடத்தில் வைக்கவும் எல்லம்மாள் இசையவில்லை. "ஒருக்கா உள்ள வெச்சாச்சு. உள்ளயே தான் இருக்கணும்." அருணகிரியும் அதனை மறுக்கவில்லை. சமன் புள்ளியில் எவ்வளவு எடை இருந்தாலும் அது முன்னும் சாய்க்காது, பின்னும் சாய்க்காது. வரைபடத்து வட்டத்திற்கு நேர் மேலே, இறக்கைக்கு நடுவே, பால்சாவில் சிறு கூடு ஒன்று கட்டி, முடிச்சை அதனுள் நூலால் பிணைத்தார். தெய்வத்திற்குரியதை நடுவில் நிறுத்தினால் இருபுறமும் நேராகும் என்பதை அவர் எந்த ஏட்டிலும் படித்தவரல்லர், கையால் கண்டுகொண்டார்.

அந்த வாரம் ஊரே பண்டிகையில் இருந்தது. தெருவில் பானை பொங்கிக் குலவை எழுந்தபோது, புதிய முகப்பலகைக்கு ஒட்டுப்பலகை அறுத்துக்கொண்டிருந்தார். மகள்களும் மருமகன்களும் வந்து, காணும் பொங்கலுக்கு மாமல்லபுரம் கிளம்பினார்கள். "நீங்க போய்ட்டு வாங்க, எனக்கு ஞாயித்துக்கெழம அங்க வேல கீது" என்று தங்கிவிட்டார். அவர்கள் போனபின் மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். அது இடப்பக்கம் கோணியிருந்தது. கழற்றி, முழுவதையும் மறுபடியும் செய்தார். வலக்கை வீங்கியது. வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு மீண்டும் அமர்ந்தார்.

ஞாயிறன்று எல்லம்மாளும் உடன் வந்தார். அன்று கடற்காற்று முன்னதாகவே கிளம்பிவிட்டது. எட்டரைக்கே பனையோலைகள் சலசலத்தன.

"காத்து ஜாஸ்தி அண்ணாத்த. அடுத்த வாரம் வுடலாம்," என்றார் ஜோயல்.

"அடுத்த வாரம் எனக்கு இல்ல. ஏத்து."

ஜோயல் எறிந்தார். விமானம் ஆடிற்று, ஆனால் அண்ணாக்கவில்லை. இடப்பக்கம் சரிந்ததைக் கட்டைவிரல் மெல்லத் திருத்தியது. தென்னை உயரம், பனை உயரம், அதற்கும் மேல். வெயிலில் அதன் சிவப்பு மின்னியது. திரும்பி வருகையில் காற்று பக்கவாட்டில் அடித்து, அதனைப் பனைமரங்களை நோக்கி ஒதுக்கிற்று. நம்மை நோக்கி வரும் விமானத்திற்கு இடமும் வலமும் மாறும். பழகாதவர் அவ்விடத்தில்தான் தோற்பார்கள். அருணகிரி உதட்டைக் கடித்தார். எதிரே வரும் லாரிக்கு ஒதுங்குகையில் அந்த லாரி ஓட்டுநரின் இடத்திலிருந்தே பார்த்துப் பழகியவர் அவர். இப்போதும் மனத்தால் அவ்விமானத்தில் ஏறி அமர்ந்து திருப்பினார். பனைக்கும் இறக்கைக்கும் நடுவே இரண்டு முழம் இருந்தது.

"தே, பாத்து! பாத்து!" என்று எல்லம்மாள் அலறினார்.

"கத்தாதமே. புள்ளைங்க கத்துனாலே திரும்ப மாட்டேன்."

மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். காற்றுக்கு எதிராக இறக்கினார். தரைக்கு ஒரு முழம் இருக்கையில் வலக்கட்டைவிரல் குச்சியை எள்ளளவு இழுத்து, இழுத்த நிலையிலேயே நிறுத்திற்று. அந்த நிறுத்தம்தான் ஏழு மாதங்களாக அவருக்கு வாராதிருந்தது. சக்கரங்கள் புல்லைத் தொட்டன. விமானம் தத்தி, உருண்டு, ஒரு சக்கரத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, நேராக நின்றது.

ஜோயல் விசிலடித்தார். எல்லம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க, இன்னொருக்கா வுடு பாப்போம்," என்றார் ஜோயல்.

"சக்கரம் போச்சு பா."

"வேன்லயும் இப்டித்தான் டயர கயட்டி வுடுவியா?"

"வேன்ல ஸ்டெப்னி கீது, நைனா."

அன்று மாலை அவர் பார்த்திபனுக்குத் தொலைபேசியில் சொன்னது இரண்டே சொற்கள்: "நாளிக்கி வரேன்."

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பாலா வேனைத் துடைத்து நிறுத்தியிருந்தார். "வா அண்ணாத்த. ப்ளேன் ஓட்ட மீனம்பாக்கத்துக்கே போய்ட்டன்னு நெனச்சேன். எனக்கு மறைமலைநகர்ல கம்பெனி பஸ்ஸு ஒண்ணு சொல்லி வெச்சிருக்காங்க; நீ ஏறு." பார்த்திபன் சாவியைக் கொடுத்தார். அருணகிரி அதனை வலக்கையால் வாங்கினார்.

உண்மையை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று: கட்டைவிரல் அன்றும் நடுங்கிற்று. முதல் வாசலில் நின்றபோதும் நடுங்கிற்று. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படியேறி, "எங்க தாத்தா போய்ட்டீங்க இத்தினி நாளு? பாலா மாமா பாட்டு போடவே மாட்டாரு" என்றாள். "ஒக்காரு, போடுறேன்" என்றார். நடுங்கிய விரல் பிடியை விடவில்லை. பத்தாவது வாசலுக்குப் போகையில் அவர் அதனை மறந்திருந்தார். பதினெட்டுப் பேரையும் பள்ளியில் இறக்கினார். மாலையில் பதினெட்டுப் பேரையும் வாசல் தவறாமல் சேர்த்தார். அதன்பிறகே வீட்டிற்கு வந்து, கைகழுவி, "எல்லம்மா, பசிக்கிது" என்றார்.

எல்லாம் வல்ல இறைவன் அவ்வில்லத்திற்குத் துணை நிற்பானாக. அங்கே அடுப்பு அணையாதிருக்க, உலைநீர் வற்றாதிருக்க. எல்லம்மாளின் நெற்றிக் குங்குமம் நெடிது விளங்குக. பெண்மக்கள் இருவரும் வரும்போதெல்லாம் நிறைந்த மடியோடு வருக. அவ்வாசலைக் கடந்து வெளியே போவோர் அனைவரும் பொழுது சாயுமுன் நலமே திரும்புக.